விளக்கே எரியாத கார்

அம்மாவின் கண் கிளினிக்குக்காகக் கண்டிக்குப் புறப்பட்ட அன்று விடிகாலையிலேயே மழை. நானுஓயாவில் ஏறும்போது தூறலாக இருந்தது, நுவரெலியாவைத் தாண்டி லபுக்கலைப் பக்கம் இறங்கும்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைப்பர் களைத்துப்போய்விட்டது. காரை ஓட்டியது என் தம்பி. ஐந்து வருடம் கட்டாரில் வேலை செய்து சேர்த்த காசைக் கொஞ்சம் முற்பணமாகக் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டு வாங்கிய பழைய ஜப்பான் கார். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பின் ஆசனத்தில் அம்மாவும் என் மகளும். நான் முன்னால்.

றம்பொடைக்கு மேலே ஓர் இடப்பக்க வளைவு. தம்பி வேகமாக வரவில்லை, ஆனால் அந்த மழைக்கு அது கொஞ்சம் கூடுதலான வேகம்தான். முன்னால் போன முச்சக்கர வண்டி திடீரென்று மெதுவானது. தம்பி பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தான். சில்லுகள் நின்றுவிட்டன. கார் நிற்கவில்லை! ஸ்டியரிங்கை அவன் இடப்பக்கமாக முழுவதும் திருப்பிவிட்டான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கையும் திரும்பியிருக்கிறது, முன் சில்லும் திரும்பியிருக்கிறது, காரோ ஒன்றையும் கேட்காத பிள்ளை மாதிரி நேராகவே போகிறது. எதிர்ப்பக்கத் தடத்தைக் குறுக்கே கடந்து, பள்ளத்துப் பக்கம் இருந்த கொங்கிரீட் கட்டையில் மோதி நின்றது. அந்தக் கட்டை சாய்ந்துவிட்டது. நாங்கள் காரை விட்டு இறங்கும் முன்பே ஒரு மரக்கறி லொறி எங்களைக் கடந்து மேலே ஏறிப் போனது. அது அரை நிமிடம் முன்னால் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

யாருக்கும் பெரிய காயம் இல்லை. மகளுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். அம்மா மட்டும் அடுத்த இரண்டு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். “பிரேக்கை மிதிச்சா நிக்கணும் தானே? அப்புறம் ஏன் நிக்கல?”

இந்தக் கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை. “ரோடு வழுக்குச்சும்மா” என்றான். அது பாதிப் பதில். மீதிப் பதிலைத் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் விஷயம் ஆண்களுக்கு என்று நினைத்து இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காரை ஓட்டுவது யாராக இருந்தாலும், பின் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நாங்கள்தானே.

மலையில் கால் வைப்பது போல

கராஜ் வைத்திருக்கும் மாமா ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர், தோட்டத்து லொறியில் கிளீனராகத் தொடங்கியவர். நசுங்கிய முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் கேள்வியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அம்மாவிடமே திருப்பிக் கேட்டார். “அக்கா, மழ நேரம் கொழுந்து மூட்டையோட மலையிலிருந்து எறங்குவீங்களே, எப்படி எறங்குவீங்க?”

“ஒவ்வொரு அடியா ஊண்டி ஊண்டித்தான்.”

“கால் சறுக்கிருச்சுன்னா?”

“சறுக்கிருச்சுன்னா அவ்வளவுதான். கீழ பொறத்த வரைக்கும் போக வேண்டியதுதான்.”

டயரின் கதையும் அதுவேதான் என்றார் மாமா. உருண்டுகொண்டிருக்கும் டயரைக் கவனித்தால், தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர், தொட்டிருக்கும் அந்தக் கணத்தில் தரையில் ஊன்றி நிற்கிறது. அடுத்த கணம் அடுத்த துண்டு ரப்பர் ஊன்றுகிறது. அடி மேல் அடி வைப்பது போல. ஊன்றிய ரப்பருக்குத் தரையில் நல்ல பிடி உண்டு. அந்தப் பிடியை வைத்துத்தான் கார் நிற்கிறது, அந்தப் பிடியை வைத்துத்தான் கார் திரும்பவும் செய்கிறது.

பிரேக்கை அளவுக்கு மேல் மிதித்தால் சில்லு சுற்றுவதை நிறுத்திவிடும். கார் மட்டும் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்போது டயர் ஊன்றுவதில்லை, ஒரே துண்டு ரப்பர் தரையில் தேய்ந்துகொண்டு சறுக்குகிறது. சறுக்கும் ரப்பருக்கு ஈரத் தாரில் பிடி குறைவு. அதைவிட மோசமானது, அதற்குத் திசை தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகும். எங்கள் கார் அன்று செய்தது அதைத்தான்.

பழைய சாரதிகளுக்கு இது தெரியும். மழையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல், மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் பிடிப்பார்கள். சில்லு நிற்கப் போகும்போது காலைத் தளர்த்துவது, மறுபடி உருளத் தொடங்கியதும் அழுத்துவது. ஆனால் பதறிப்போன மனிதனுக்கு அந்த நிதானம் வராது. வந்தாலும் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஒரு காலால் முடியாது. நான்கு சில்லுகளையும் தனித்தனியாகக் கவனிப்பதும் ஒரு மனிதனால் ஆகாது.

அந்த வேலையைக் காலுக்குப் பதிலாகச் செய்யும் கருவிதான் ஏபிஎஸ். சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் என்று தமிழில் சொல்லலாம். இது முதலில் வந்தது காருக்கு அல்ல, விமானத்துக்கு. ஈர ஓடுபாதையில் இறங்கும்போது சில்லு நின்றுபோய் டயர் வெடிக்காமல் இருக்க, 1950களில் பிரித்தானியாவின் டன்லொப் நிறுவனம் மக்ஸாரெட் என்ற கருவியைச் செய்தது. 1966இல் ஜென்சன் என்ற பிரித்தானியக் காரில் அதையே பொருத்திப் பார்த்தார்கள். இன்று நாம் காணும் மின்னணு முறை 1978இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. அப்போது அது பணக்காரர் காரில் மட்டும் இருந்த சாமான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டிலும் 2018க்கான வரவு செலவுத் திட்டத்தில், ஏபிஎஸ், முன் ஆசனங்களுக்குக் காற்றுப்பை, மூன்று முனைப் பட்டி ஆகியவை இல்லாத வாகனங்களை இறக்குமதி செய்ய விடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே வந்து ஓடிக்கொண்டிருக்கும் கார்களும் வேன்களும் நம் பாதைகளில் ஏராளம்.

கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொரு சில்லின் நடுவிலும் சைக்கிள் பற்சக்கரம் போலப் பல் வெட்டிய ஒரு வளையம் சில்லோடு சேர்ந்து சுற்றும். அதன் அருகே, தொட்டும் தொடாமலும், விரல் அளவு சென்சர் ஒன்று அசையாமல் இருக்கும். உள்ளே காந்தம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அதில் ஒரு சின்ன மின் துடிப்பு உண்டாகும். துடிப்புகளை எண்ணினால் சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். (புதிய கார்களில் பல்லுக்குப் பதிலாகக் காந்தப் பட்டி இருக்கும். வேலை ஒன்றுதான்.)

நான்கு சில்லிலிருந்தும் வயர் வழியாக இந்தக் கணக்கு ஒரு சிறிய கணினிக்குப் போகிறது. நீங்கள் பிரேக்கை மிதித்ததும் எல்லாச் சில்லும் மெதுவாவது இயற்கை. ஆனால் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடத் திடீரென்று மிக வேகமாக மெதுவானால், அது சறுக்கப் போகிறது என்று கணினி புரிந்துகொள்ளும். உடனே அந்தச் சில்லுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாயின் வால்வை மூடும். அழுத்தம் அதற்கு மேல் ஏறாது. அப்படியும் சில்லு நிற்கப் பார்த்தால் இன்னொரு வால்வைத் திறந்து கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விடும். சில்லு மறுபடி உருளும். உருண்டதும் அழுத்தத்தை மறுபடி ஏற்றும். வெளியே விட்ட எண்ணெயை ஒரு குட்டிப் பம்ப் திருப்பி அனுப்பும். பிடி, விடு, பிடி, விடு. ஒரு விநாடிக்குள் இது பத்துப் பதினைந்து தடவைகூட நடக்கும்.

அதனால்தான் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி உங்கள் பாதத்தைத் திருப்பித் தள்ளி உதறும். கீழே இருந்து கடகடவென்று ஒரு சத்தமும் வரும். தெரியாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கவே கூடாது. ஏபிஎஸ் உள்ள காரில் மிதித்து மிதித்து விடவும் கூடாது. அந்த வேலையைக் கருவி செய்கிறது. முழுப் பலத்தோடு மிதித்தபடியே, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். சில்லு உருண்டுகொண்டிருப்பதால் கார் சொன்னது கேட்கும்.

இவ்வளவையும் கேட்ட தம்பி, “மாமா, இந்தக் காரில ஏபிஎஸ் இருக்கு. வாங்கும்போதே சொன்னாங்க” என்றான். மாமா சாவியைத் திருப்பினார். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், விளக்குகள் எரியும் இடம் வரைக்கும் மட்டும். மீற்றர் பலகையில் பற்றரி விளக்கு வந்தது, எண்ணெய் விளக்கு வந்தது, கைபிரேக் விளக்கு வந்தது. “ஏபிஎஸ் விளக்கு எங்க தம்பி?” என்றார்.

“அது எரியல தானே, அப்போ நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?”

நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அது தப்பு. சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் என்று எழுதிய மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று விநாடி எரிய வேண்டும். கணினி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் நேரம் அது. எல்லாம் சரி என்றால் அணைந்துவிடும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது. ஒருதடவைகூட எரியவில்லை என்றால் அந்த விளக்கையே யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். மாமா மீற்றர் பலகையைக் கழற்றினார். அந்த விளக்கு வரும் இடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு கறுப்பு டேப். கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டி ஒட்டியிருந்தது. பின் இடது சில்லின் சென்சர் வயர் அறுந்து கிடந்தது, வெட்டுவாய் பழைய துருவோடு இருந்தது. நாங்கள் வாங்குவதற்கு வெகுநாள் முன்பே ஏபிஎஸ் செத்துப்போயிருந்தது. ஒரு சென்சர் போனாலும் கணினி முழு ஏபிஎஸ்ஸையும் நிறுத்திவிடும். சாதாரண பிரேக் வேலை செய்யும், அதனால் ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரியும் நாள் றம்பொடைக்கு மேலே வந்தது போன்ற நாளாக இருக்கும்.

விற்றவர்களுக்குத் தம்பி தொலைபேசி எடுத்தான். அதெல்லாம் பழைய காரில் சகஜம் என்றார்கள். ஒரு வயரும் சென்சரும் மாற்றிக் கொடுக்காமல் ஒரு சாண் டேப்பில் முடித்துக்கொண்டவர்களைப் பற்றி என்ன சொல்ல!

எல்லாவற்றையும் ஏபிஎஸ் செய்யாது

மாமா அன்று சொன்னதில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி இதுதான். இருக்கும் பிடியை வீணாக்காமல் பயன்படுத்துவதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. இல்லாத பிடியை அது உண்டாக்காது. மொட்டை டயரோடு மழையில் போனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வளைவுக்குள் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் நுழைந்தாலும் அப்படித்தான். தோட்டத்து மண் ரோட்டிலும் சரளைக்கல் பாதையிலும் நிற்கும் தூரம் ஏபிஎஸ்ஸால் கொஞ்சம் கூடவும் கூடும். நின்றுபோன சில்லு முன்னால் கல்லையும் மண்ணையும் குவித்து அணை கட்டிக்கொள்ளும், உருளும் சில்லுக்கு அது கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழைக்கு மலையகப் பாதைகளில் மண் சரிந்த இடங்கள் எத்தனை! அப்படித் தாருக்கு மேல் மண் படிந்த இடத்தைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு கருவி இல்லை.

ஜேர்மனியின் மியூனிக் நகரத்தில் 1980களில் வாடகைக் கார்களில் பாதிக்கு ஏபிஎஸ் பொருத்தி, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் சாரதிகள் இன்னும் வேகமாகவும் முன் வாகனத்தை நெருங்கியும் ஓட்டியதைக் கண்டார்கள். மனித சுபாவம்!

நம் மலையிறக்கங்களில் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது சூடு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். கண்டி ஏறத்தாழ 500. ஒரு தொன் நிறையுள்ள கார் அந்த உயர வித்தியாசத்தை முழுக்க முழுக்கப் பிரேக்கில் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால், பிரேக்குகளில் பிறக்கும் சூடு ஏறக்குறைய 38 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கலியாண வீட்டு அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை சூடும் நான்கு சில்லுகளுக்குள். ஆட்கள் நிறைந்த பஸ்ஸுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். பிரேக் கட்டைகள் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறைந்துவிடும். காரின் பிரேக் எண்ணெய் பழசாகிக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருந்தால் சீக்கிரமே கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். மிதித்தால் மிதி பஞ்சு போல உள்ளே போகும். அப்போது ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை, அதற்குப் பிடித்து விடுவதற்கு அழுத்தமே இருக்காது. சாதாரணமாகப் பாவிக்கும் டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பின் 140 தாங்கினால் போதும் என்றுதான் தரமே சொல்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருதடவை மாற்றச் சொல்வது அதனால்தான். எங்கள் காரில் எண்ணெய் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

ஆகவே இறக்கத்தில் தாழ்ந்த கியரில் போட்டு என்ஜினே காரைப் பிடித்திருக்க விட வேண்டும். ஓட்டோ கியர் காரில் எல் அல்லது 2 இருக்கும், பிரியுஸ், அக்வா போன்றவற்றில் பி என்ற எழுத்து இருக்கும். அது இதற்குத்தான். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் பலருக்குத் தொற்றியது. சிலர் என்ஜினையே நிறுத்திவிட்டு இறங்கினார்கள். நிறுத்திய என்ஜின் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தராது. நாலைந்து மிதியில் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் மோதி, வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்த 7 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். பஸ்ஸின் காற்று பிரேக் வேறு விதமானது, அந்த விபத்துகளுக்குக் காரணம் எது என்று சொல்ல நான் ஆள் இல்லை. அந்த இரண்டு இடங்களையும் கடக்கும்போது இப்போதெல்லாம் நான் ஓட்டுபவரின் கியரைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த மாதம் ஒரு சண்டை நடந்தது. சென்சர், வயர், எண்ணெய், முன்பக்கத் தகரம், பெயின்ட் என்று மாமா கணக்குச் சொன்னார். லீசிங் தவணை வேறு தலைக்கு மேல் நிற்கிறது. தகரத்தையும் பெயின்ட்டையும் முதலில் செய்வோம், பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தால் ஹயர் வராது, சென்சர் பிறகு பார்க்கலாம் என்பது தம்பியின் கட்சி. அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அந்தக் காரில்தான் அவன் சோறு. வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சில் வாயே திறக்காத அம்மாதான் முடிவு சொன்னார். “மூஞ்சி நசுங்கிப் போய் ஓடட்டும். நிக்க வேண்டிய நேரத்துல நிக்கட்டும்.” தம்பி ஒன்றும் பேசவில்லை. நசுங்கிய முகத்தோடு அந்தக் கார் இரண்டு மாதம் ஓடியது.

இப்போது கோயிலுக்கோ கலியாணத்துக்கோ வேன் பிடித்தால் நான் ஏறியதும் முதல் வேலையாக, சாரதி சாவியைத் திருப்பும்போது மீற்றர் பலகையைப் பார்ப்பேன். மஞ்சள் விளக்கு வந்து போகிறதா என்று. சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். “என்ன டீச்சர், லைசன்ஸ் பரீட்சையா?” என்று ஒருவர் கேட்டார். அவருடைய விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அண்ணே, அப்போ மெதுவாகப் போங்க, இறக்கத்தில் இரண்டாம் கியரில் போங்க என்று மட்டும் சொன்னேன். போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் ஓட்டினார், ஆனால் மெதுவாக ஓட்டினார்.

வேலை முடிந்த அன்று மாமா காரைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். முதல்நாள் மழையில் புல் நனைந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. தம்பி முதலில் ஓட்டினான். பிறகு என்னை ஏறச் சொன்னார்கள். எனக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஓட்டத்தான் பயம். முப்பதில் போய் மாமா கையைக் காட்டியதும் முழுப் பலத்தோடு மிதித்தேன். மிதி பாதத்துக்குக் கீழே உயிருள்ள பிராணி மாதிரி உதறியது, கடகடவென்று சத்தம். காலை எடுக்கத்தான் மனம் சொன்னது. எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். கார் இடப்பக்கம் திரும்பிப் போய், நின்றது.

மைதானத்து ஓரத்தில் குடையோடு நின்ற அம்மா, “இன்னொருக்கா செய்” என்றார்.